பெருமாயி படித்த மூன்றாம் பாகம்

கோம்பைமேடு வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த வருஷம் எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். ராசிபுரம் பஸ்ஸில் வந்து இறங்கி உள்ளே நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். ஒவ்வொரு மேசையின் மீதும் முக்கோணமாக மடித்த ஓர் அட்டை. அட்டையில் "நான் இப்போது வாசித்துக்கொண்டிருப்பது" என்று அச்சடித்து, கீழே கோடு போட்டு, கோட்டின் மேல் ஒரு புத்தகத்தின் பெயர். அட்டைக்குப் பின்னால் மனுக்கட்டுகள். கட்டுகளுக்குப் பின்னால் நாற்காலி. நாற்காலியில் சில நாள் ஆளும் இருப்பார்.

"வாசிப்பைப் பகிர்வோம்" என்பது திட்டத்தின் பெயர். தான் படிக்கிற புத்தகத்தைப் பற்றி நாலு பேரிடம் சொன்னால் அந்த நாலு பேருக்கும் படிக்க ஆசை வரும் என்று எங்கோ ஒரு நல்ல மனசுக்காரர் நினைத்திருக்கிறார். நினைத்ததில் தப்பே இல்லை. அந்த நினைப்பு சுற்றறிக்கையாகி, சுற்றறிக்கைக்கு ஒரு படிவம் பிறந்து, படிவத்துக்கு இலக்கு வைத்து, இலக்குக்கு ஒரு மென்பொருளும் செய்து, கோம்பைமேட்டுக்கு வந்து சேரும்போது "நாளொன்றுக்கு நாற்பது வாசகர்" என்று ஆகியிருந்தது. அலுவலகத்தில் இருந்ததோ பதினேழு பேர். மீதி இருபத்து மூன்று வாசகருக்கு எங்கே போவது? மனுக் கொடுக்க வருகிறவர்கள் இருக்கிறார்களே!

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை பெருமாயி வந்து மாட்டிக்கொண்டாள்.

பெருமாயி நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் முட்டை பொறுக்குகிறவள். அவள் புருஷன் மாரியப்பன் லாரி டிரைவர். அந்த வாரம் நாக்பூர் தாண்டி எங்கோ இருந்தான். மகள் தேவிப்ரியா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்து, கால்நடை மருத்துவம் படிக்கக் கலந்தாய்வுக்குப் போட்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று வட்டாட்சியர் அலுவலகம் ஒரு சான்றிதழ் தர வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழ். அது இருந்தால்தான் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை. சலுகை இருந்தால்தான் படிப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சான்றிதழைக் கணினியில் ஏற்றியாக வேண்டும். விண்ணப்பம் போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் "நிலுவையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, நேரில் பார்த்துவிடலாம் என்று வந்தாள்.

வாசலிலேயே சிவபிரகாஷ் நிறுத்தினான். இளநிலை உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதில் ஏழு மாதமாக அவன்தான் வாசிப்பு ஒருங்கிணைப்பாளர்.

"டோக்கன் வாங்கிட்டு உக்காருங்கம்மா. பதினொன்றரை வரைக்கும் வாசிப்பு நேரம். மனு வாங்க மாட்டாங்க."

பெருமாயி எட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படம் எடுத்து முடியும் வரை யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை. எடுத்த பிறகும் திருப்பவில்லை.

"செரிங்க சாமி. அந்த டோக்கனக் குடுங்க."

"டோக்கன் வரணும்னா நீங்க இப்போ என்ன புத்தகம் படிச்சிட்டிருக்கீங்கன்னு சொல்லணுங்க."

"நானுங்களா? எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சாமி."

சிவபிரகாஷ் கணினித் திரையைப் பார்த்தான். மேலும் கீழும் தேடினான்.

"அதுக்குக் கட்டம் இல்லீங்களேம்மா."

"எதுக்குங்க?"

"படிக்கத் தெரியாதுங்கறதுக்கு. காலியா உட்டாலும் டோக்கன் வராது."

பெருமாயி யோசித்தாள். வந்த காரியம் ஆக வேண்டுமே. "எம்புள்ள வெடியால எந்திரிச்சு சத்தம் போட்டுப் படிக்கும். நானு அடுப்படில இருந்து கேட்டுட்டிருப்பனுங்க. கோழிக்கு எத்தன வவுறு, மாட்டுக்கு எத்தன வவுறுன்னு எல்லாம் வரும். அதச் சொல்லட்டுங்களா?"

"கேட்கறது வாசிப்புல வராதுங்க" என்றான் சிவபிரகாஷ். வருத்தத்தோடுதான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. அவளுக்குப் பின்னால் வரிசையில் முப்பது பேர் நின்றார்கள்.

மனுதாரர்களுக்கென்று அலுவலகத்தில் இருந்த புத்தகங்கள் மொத்தம் ஆறு. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, மனுதாரர்கள் வரும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்துப் படம் பிடிப்பார்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு நாளில் ஏழு பேருக்கு மேல் மென்பொருள் ஏற்காது. பெருமாயியின் முறை வந்தபோது தமிழ்ப் புத்தகம் ஐந்தும் நிறைந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்று: சிவப்பு அட்டை போட்ட ஆங்கிலப் புத்தகம், ஆயிரத்து நூறு பக்கம், பொருளாதாரத் தத்துவம், மூன்றாம் பாகம். முதல் இரண்டு பாகங்களும் அந்த அலுவலகத்துக்கு வந்ததே இல்லை.

சிவபிரகாஷ் அதை அழுத்தினான். முதல் இரண்டு பாகங்களையும் அவள் ஏற்கெனவே முடித்திருப்பாள் என்று மென்பொருள் தானாகவே எடுத்துக்கொண்டது.

"இதக் கொஞ்சம் புடிங்கம்மா. ஒரே நிமிஷம்."

பெருமாயி வாங்கிய வாங்கில் புத்தகத்தை இரண்டு உள்ளங்கையிலும் தட்டையாக ஏந்திக்கொண்டாள். முப்பது முட்டை அடுக்கிய அட்டையை அப்படித்தான் ஏந்த வேண்டும், சாய்த்தால் போச்சு. பதினாறு வருஷப் பழக்கம். கனமும் ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. "அட, நிமித்திப் புடிங்க, படிக்கற மாதிரி" என்றார் படம் எடுத்தவர். அவள் பயந்துபோய் இன்னும் கெட்டியாக ஏந்திக்கொண்டாள். படிவத்தில் "மனத்தில் நின்ற வரி" என்ற இடத்தில் சிவபிரகாஷ் எதையோ எழுதினான். அதற்குக் கீழே வாசகர் கையொப்பம் என்ற இடத்தில் பெருமாயி இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு ஒற்றினாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. டோக்கன் வந்தது. மனுவை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வைத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை தேவிப்ரியாவின் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு.

பெருமாயி அன்றைக்கே திரும்ப ஓடி வந்தாள். அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிற கரீம் பாஷாவிடம் மகளின் செல்போனைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"என்னங்க பாய் போட்டிருக்குது?"

"விண்ணப்பதாரரின் தாயார் உயர்கல்வி பெற்றவர் எனத் தெரியவருவதால் நிராகரிக்கப்படுகிறது. சான்று, அலுவலக அறிவிப்புப் பலகை." கரீம் பாஷா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எப்பம்மா படிச்சீங்க? சொல்லவே இல்லியே!"

இரண்டு பேருமாகப் போய்ப் பலகையைப் பார்த்தார்கள். பலகையின் நடுவில் பெருமாயி. சிவப்புப் புத்தகத்தை முட்டை அட்டை மாதிரி ஏந்திக்கொண்டு, கண்ணை அகல விரித்து நின்றாள். மேலே கொட்டை எழுத்தில்: "இம்மாதச் சிறந்த வாசகர்! பொருளாதாரத் தத்துவம், மூன்றாம் பாகம்." மென்பொருள், பக்க எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தது.

"நல்லாத்தான் இருக்குது படம்" என்றார் கரீம் பாஷா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அழுகாதீங்கம்மா. ஒரு மனு எழுதறேன். எங்கிட்ட சொல்றத எல்லாம் சொல்லுங்க. ஒரு பக்கத்துக்குள்ள எழுதறேன். அதுக்கு மேல போனா படிக்க மாட்டாங்க."

அவள் சொன்னாள். அவர் இரண்டு பிரதி எழுதினார். காசு வாங்கவில்லை.

வியாழக்கிழமை அந்த மனுவோடு மண்டலத் துணை வட்டாட்சியர் மஞ்சுளாவின் மேசை முன்னால் போய் நின்றாள். சான்றிதழுக்குக் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னக் குச்சி இருக்கிறது. அதைக் கணினியில் செருகி ஓர் இடத்தில் அழுத்தினால் கையெழுத்து விழுந்துவிடும். ஒரு நிமிஷ வேலை.

மஞ்சுளா மனுவை வாங்கிப் படிக்காமல் கட்டின் மேல் வைத்தார். அவர் மேசையில் இருந்த அட்டை தியானம் பற்றிய ஒரு புத்தகத்தை அவர் வாசிப்பதாகச் சொன்னது.

"பாருங்கம்மா. படிப்பறிவு இல்லைன்னு உறுதிமொழிப் பத்திரத்துல எழுதிக் குடுத்திருக்கீங்க. ஆயிரத்து நூறு பக்கம் இங்கிலீஷ்ல படிக்கறீங்கன்னு ஃபோட்டோ இருக்குது. ரெண்டுல எது பொய்?"

"ஃபோட்டோதானுங்க பொய். நீங்கதானுங்க எடுத்தீங்க."

"அரசாங்க அலுவலகம் பொய்யான ஃபோட்டோ எடுக்குமா?"

எடுக்கும் என்றால் கோபித்துக்கொள்வார்கள். எடுக்காது என்றால் மகள் படிப்பு போகும்.

"அந்தப் படிவத்துலயே எங்கைநாட்டு இருக்குதுங்களே அம்மிணி. இங்கிலீசு படிக்கறவ கைநாட்டு வெப்பாளுங்களா?"

மஞ்சுளா ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "வாசகர் பட்டியல்ல இருந்து உங்க பேரை எடுத்தாத்தான் நான் ஏதாச்சும் செய்ய முடியும். அது வட்டாட்சியர் கையில. என்னால ஆகாதும்மா."

சொல்லிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பெருமாயி திரும்பி நடக்கப் போனவள் நின்றாள்.

"ஏம் அம்மிணி, கண்ணு ரெண்டும் குழி உழுந்து கெடக்குது. காலைல சாப்புட்டியா இல்லியா?"

பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் மஞ்சுளாவைக் கேட்டிராத கேள்வி அது. அவர் பதில் சொல்வதற்குள் பெருமாயி தூக்குப்போசியைத் திறந்து, அவித்த முட்டை இரண்டை எடுத்து ஒரு காகிதத்தின் மேல் வைத்தாள்.

"கீறல் முட்டைதான். பண்ணையில எங்களுக்குக் குடுத்துருவாங்க. வேக வெச்சா ஒண்ணும் தெரியாது. தின்னு சாமி."

"ஐயோ, இதெல்லாம் வாங்கக் கூடாதும்மா. எடுங்க."

"காரியத்துக்கா குடுக்கறேன்? காரியந்தான் ஆகாதுன்னுட்டியே. பசிக்குக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெருமாயி வட்டாட்சியர் அறைக்குப் போனாள்.

வட்டாட்சியர் சந்திரசேகர் நல்ல பேச்சாளர். மறுநாள் வாசிப்பு விழாவில் பேசப்போகும் உரையைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பெருமாயியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, நம்ம சிறந்த வாசகர்! வாங்க, வாங்க. நாளைக்கு மூணு மணிக்கு உங்களுக்குக் கேடயம் தர்றோம்."

"கேடயம் வேண்டாமுங்க சார். எம்பேர எடுத்துருங்க. நானு படிக்கறதில்லீங்க."

சந்திரசேகர் திடுக்கிட்டார். "எப்போ நிறுத்தினீங்க?"

"ஆரம்பிக்கவே இல்லீங்களே."

"அப்படிச் சொல்லாதீங்க. மனசு தளரக் கூடாது. பெரிய புத்தகம்னா நடுவுல கொஞ்சம் அலுப்பாத்தான் இருக்கும்." அவர் நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். "அம்மா, நான் ஒளிவுமறைவு இல்லாமப் பேசறவன். இந்த அலுவலகத்துல இன்னைக்குத் தேதிக்கு ரெண்டாயிரத்து முன்னூறு மனு நிலுவை. அதைப் பத்தி எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனா போன மாசம் வாசகர் எண்ணிக்கை முப்பத்தொன்பதுன்னு ஒரே ஒரு நாள் குறைஞ்சது. மூணு போன் வந்தது. நானே ஓடிப்போய் டீக்கடைக்காரரைக் கூட்டிட்டு வந்து நாற்பதாவது ஆளா சேர்த்தேன். இப்ப சொல்லுங்க, உங்க பேரை எப்படி எடுப்பேன்? ஒரு வாசகரை இழக்க இந்த அலுவலகம் தயாரா இல்லை."

"எம்புள்ள படிப்பு போயிருமுங்க சார்."

"அப்படியா?" உண்மையிலேயே கவலைப்பட்டார். "அதுக்குத்தான் சொல்றேன். வீட்டுல பெரியவங்க படிச்சாத்தான் பிள்ளைங்களும் படிக்கும். நாளைக்கு இதையே மேடையில சொல்லுங்க. எல்லாருக்கும் ஒரு உந்துதலா இருக்கும்."

கையில் இருந்த இரண்டாவது பிரதியை அவர் வாங்கவே இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி விழா, நாலு மணிக்குத் தொடங்கியது. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, எல்லோரையும் முன்னால் போட்ட பந்தலில் உட்கார வைத்திருந்தார்கள். சாதிச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் வந்தவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்களும் வாசகர்கள்தான். சந்திரசேகர் முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். "நான் ஒரு நாளும் ஒரு தாளைக்கூடப் படிக்காமல் ஒதுக்கியதில்லை" என்று அவர் சொன்னபோது பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு பெருமாயியை மேடைக்கு அழைத்தார்கள். சிவபிரகாஷ் அவள் கையில் கேடயத்தையும் மைக்கையும் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்கள் வாசிப்பை எங்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றார் சந்திரசேகர்.

பெருமாயி மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். முந்தானையில் முடிந்திருந்த தாளை எடுத்துப் பிரித்தாள். அந்நேரம் தேவிப்ரியா, சான்றிதழ் வந்தால் உடனே ஏற்றிவிட, பிரவுசிங் சென்டரில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணி நாலே முக்கால்.

"ஏனுங்க சார். இது கரீம் பாய் எழுதுனது. எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதிருக்குதுன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க. ஒரே பக்கந்தானுங்க."

கூட்டத்தின் முன்னால் தாளை நீட்டினால் பேச்சாளர் வாங்காமல் இருக்க முடியுமா? சந்திரசேகர் புன்னகையோடு வாங்கினார். தொண்டையைச் செருமினார். அழகான குரலில், ஏற்ற இறக்கத்தோடு படித்தார்.

"ஐயா. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. என் வீட்டுக்காரர் மூன்றாவது வரை போனார். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பட்டம் படித்தவர் எவரும் இல்லை. என் மகள் ஒருத்திதான் படிக்கிறாள். அவள் படிக்கும் சத்தத்தைக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு படிப்பு கிடையாது. உங்கள் அலுவலகத்தில் கொடுத்த புத்தகத்தை நான் கீழே போடாமல் பிடித்துக்கொண்டேன். அது தவிர நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இதுவரை இரண்டு மனுக் கொடுத்துவிட்டேன். யாரும் படிக்கவில்லை. இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இப்படிக்குப் பெருமாயி, கைநாட்டு."

சந்திரசேகர் தாளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெருமாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேர் எதிரில் படித்துவிட்டார். இனி ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

சொன்னார்.

"என்ன நடை! என்ன எளிமை! நண்பர்களே, இது வெறும் மனு அல்ல, இலக்கியம். இதற்கு அட்டை போட்டு நம் அலமாரியில் ஏழாவது புத்தகமாக வைக்க இந்த மேடையிலேயே உத்தரவிடுகிறேன். நாளை முதல் இதை வாசித்து ஏழு பேர் பகிரலாம்."

கைதட்டல் எழுந்தது. படம் எடுத்தார்கள். மனுவை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் ஒட்டி, கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

பெருமாயி கேடயத்தோடு இறங்கி வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். கரீம் பாஷா தண்ணீர் கொடுத்தார். இருபத்தெட்டு வருஷமாக அந்த மரத்தடியில் எழுதுகிறவர். இப்படி ஒரு கோபம் அவருக்கு வந்ததில்லை.

நாலு ஐம்பத்து மூன்றுக்குப் பெருமாயியின் செல்போன் அடித்தது.

"அம்மா! வந்துருச்சும்மா! சான்றிதழ் வந்துருச்சு, இப்பத்தான். ஏத்திட்டேம்மா!"

பெருமாயிக்கு விளங்கவில்லை. பந்தலைப் பார்த்தாள். எல்லோரும் மேடையில் குழுப்படத்துக்கு வரிசை கட்டி, புத்தகத்தை நெஞ்சுக்கு உயர்த்தி நின்றார்கள். படத்துக்காக முன்வரிசையில் போட்ட நாற்காலிகளில் ஒன்று மட்டும் காலியாகக் கிடந்தது.

மேடையில் மனுவின் ஐந்தாவது வரியைப் படிக்கும்போதே மஞ்சுளா எழுந்துவிட்டிருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், இருட்டு அறையில் கணினியைப் போட்டு, பெருமாயியின் வாசகர் படிவத்தைத் திறந்தார். முதலில் கைநாட்டைப் பார்த்தார். பிறகு உறுதிமொழிப் பத்திரத்தை, மாரியப்பனின் மூன்றாம் வகுப்புச் சான்றை, தேவிப்ரியாவின் மார்க் பட்டியலை, ஒவ்வொன்றையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். பிறகு குச்சியைச் செருகினார்.

தேவிப்ரியாவுக்கு இடம் கிடைத்தது. பெருமாயி ஒருநாள் கும்பிட வந்தபோது மஞ்சுளா அவளை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் சான்றிதழைப் பற்றிப் பேசவே இல்லை. கீறல் முட்டையைக் குழம்பு வைக்கிற விதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் மஞ்சுளாவுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. குழுப்படத்தில் பதினேழு பேருக்குப் பதினாறு பேர்தான் இருப்பதை மென்பொருள் கண்டுபிடித்திருந்தது. வாசிப்பு விழா நடந்துகொண்டிருந்தபோது தாங்கள் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை மூன்று தினங்களுக்குள் எழுத்து மூலம் விளக்க வேண்டும்.

மஞ்சுளா ஒரு முழுத்தாளை எடுத்து, அதன் நடுவில் ஒரே ஒரு வரி எழுதினார்.

"என் இடத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன்."

கையெழுத்திட்டு, தேதி போட்டு, தபாலில் சேர்த்தார். அது உரிய முத்திரையோடு பெறப்பட்டு, உரிய எண் தரப்பட்டு, உரிய கட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. இன்று வரை அதை யாரும் படிக்கவில்லை.